அண்ணன் வராமல் வந்த சட்டை

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி, வியாழக்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன்பு என் அண்ணனுடைய சட்டை வீட்டுக்கு வந்தது. அண்ணன் வரவில்லை.

தேதியை இவ்வளவு உறுதியாக நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டில் நடக்கும் பிறப்பு, இறப்பு, கல்யாணம், கண்மாய் நிறைந்த நாள், கிணறு வற்றிய நாள் எல்லாவற்றையும் கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டில் எழுதி வைப்பது பதினாறு வயதிலிருந்து என் வழக்கம். என் வாழ்க்கையின் பெரிய பிழை அந்த நோட்டில் ஒரு பக்கத்தில் இருக்கிறது. அல்லாஹ் எனக்குச் செய்த பெரிய கருணையும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. சகோதர சகோதரிகளே, அந்தப் பக்கத்தை இன்று உங்களுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அன்னவாசலுக்கு அருகே எங்கள் ஊர். சித்தன்னவாசல் மலை எங்கள் வயல் வரப்பிலிருந்தே தெரியும். 1931இல் எங்களைப் பெற்ற அத்தா மவுத்தாகி அடக்கமானபோது எனக்கு வயது பதிமூன்று, அண்ணன் காதர் மைதீனுக்கு இருபது. என்னைப் படிக்க வைப்பதற்காகவே அண்ணன் ரங்கூனுக்குப் போய் ஒரு துணிக்கடையில் சேர்ந்தார். அவர் அனுப்பிய பணத்தில் படித்துத்தான் நான் வாத்தியார் ஆனேன். 1939இல் வந்து ஜெய்த்தூன் மதனியை நிக்காஹ் செய்தார். ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். புறப்பட்ட அன்று புதுக்கோட்டை ஸ்டேஷனில் ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "டேய் தம்பி, கையெழுத்து மட்டும் அழகா இருந்தாப் போதாது, எழுதுறது உண்மையா இருக்கணும்டா!" என்று கத்தினார். என் நோட்டை அவர் எப்போதும் கேலி செய்வார். அன்று நானும் சிரித்தேன்.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு கடிதம் இல்லை. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் ஒவ்வொருவராக ஊர் சேர்ந்தார்கள். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நான் போய் நின்றேன்.

அந்த வியாழக்கிழமை வந்தவர் மீரான். திருமயம் பக்கத்துக்காரர். ரங்கூனில் அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். எலும்பும் தோலுமாக இருந்தார். துணி மூட்டையிலிருந்து சட்டையை எடுத்து அம்மாவின் மடியில் வைத்துவிட்டு அழுதார்.

"மலைப்பாதையில நடந்துக்கிட்டிருந்தோம். பேதி கண்டு வழியெல்லாம் ஆளு கெடக்குது. காதர் அண்ணன் கூட்டத்துல பிரிஞ்சு போயிட்டாரு. மூணாம் நாளு பாத்தா, மரத்தடியில இந்தச் சட்டையோட உசுரு போயி மையித்தாக் கெடக்குறாரு. மொகம் வீங்கி அடையாளமே தெரியல. ஆனா சட்டை அண்ணனோடது. எனக்குத் தெரியாதா? ஏதோ ரெண்டு பேராச் சேந்து மண்ணத் தள்ளி அடக்குனோம். ஒங்களுக்குக் காட்டணும்னு சட்டைய மட்டும் எடுத்தாந்தேன்."

நான் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் இரண்டு புள்ளியும் ஒரு கொக்கியும். எங்கள் வீட்டுத் துணிக்கென்று சலவைக்காரர் சின்னையா சேங்கொட்டை மையால் போடும் குறி. எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அன்று மாலையே நோட்டை எடுத்தேன். "காதர் மைதீன், மவுத்து, பர்மா மலைப்பாதை, மார்ச் 1942" என்று எழுதினேன். தேதி தெரியாததால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

மூன்றாம் நாள், இறந்தவருக்கான பாத்திஹா ஓதினோம். அம்மா பேச்சை நிறுத்திவிட்டார்கள். பக்கத்துத் தெரு மாமி ஒருவர் வெள்ளைப் புடவையோடு வந்தார். மதனியின் கழுத்திலிருந்து கல்யாணக் கருகமணியைக் கழற்றி, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் உட்கார வைக்க வேண்டும் என்றார். மதனிக்கு அப்போது வயது இருபத்தொன்று. கருகமணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சட்டைதானே மாமி வந்திருக்கு? ஆளு வரலையே."

"குறி இருக்கே தாயி. ஒங்கொழுந்தன் நோட்டுலயே எழுதிட்டாப்ல."

மதனி என் பக்கம் திரும்பினார். அதுவரை என்னிடம் அவர் நிமிர்ந்து பேசியதில்லை.

"மவன் செத்துட்டான்னு யாகூப் நபிக்கும் சட்டைதான் வந்துச்சு. அவுக ஒடனே நோட்டை எடுத்து எழுதிட்டாகளா?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. "அது பொய் ரத்தம் பூசுன சட்டை மதனி. மீரான் பொய் சொல்லலை" என்றேன்.

"அவரு பொய் சொல்லலை. ஆனா மொகத்த அடையாளம் பாக்கலையே" என்று சொல்லிவிட்டு, சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குள் இத்தாவை முடிவு செய்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மதனியின் வாயை அடைக்கத்தான், மே 21ஆம் தேதி காலையில் சட்டையோடு கண்மாய்த் துறைக்குப் போனேன். சின்னையா வெள்ளாவித் துணியை அலசிக்கொண்டிருந்தார்.

"ஒங்க குறிதானே இது? வந்து எங்க மதனிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன்.

அவர் காலரைப் பார்த்தார். "எங்குறிதான் வாத்தியாரய்யா. கண்ண மூடிக்கிட்டுச் சொல்வேன்." பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினார். "ஆனா ஒண்ணு. கோவிச்சுக்கப்படாது."

"சொல்லுங்க."

"போன தை மாசம் ஒங்க சரிகை வேட்டி வர ஒரு வாரம் தாமசமாச்சுல்ல? கந்தர்வக்கோட்டையில ஒரு மாப்பிள்ளை அதைக் கட்டிக்கிட்டுத்தான் தாலி கட்டுனான். எரவலாக் கொடுத்துட்டேன். அன்னைக்கு அவன் இடுப்புலயும் ஒங்க வீட்டுக் குறிதான் இருந்துச்சு. அதுக்காக அவன் வாத்தியாராயிருவானா?"

பக்கத்துக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்த அவருடைய சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் வேட்டியை எவனோ கட்டியிருந்தது ஒரு வாரம் எனக்கே தெரியாது. அண்ணன் சட்டையை யார் போட்டிருந்தது என்று மட்டும் எப்படி எனக்குத் தெரியும்? குறி துணிக்குச் சாட்சி. ஆளுக்கு அல்ல. படித்தவனான எனக்கு இதை ஒரு சலவைக்காரர் சொல்ல வேண்டியிருந்தது. மதனியோ யாரும் சொல்லாமலே அறிந்திருந்தார்.

யாகூப் நபியின் வரலாற்றை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். பள்ளிவாசல் பயான்களில் கேட்டு அழுதும் இருக்கிறேன். அன்றுதான் அது எனக்குள் இறங்கியது. அழுது அழுது அந்த நபிக்குக் கண் பார்வை போயிற்று. ஆனாலும் மகன் கிடைப்பான் என்ற நம்பிக்கையை, ஆதரவை அவர் விடவில்லை. தன் துயரத்தை அல்லாஹ்விடம் மட்டுமே முறையிட்டார். எனக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன. நான்தான் ஒரே மாலைப்பொழுதில் ஆதரவை விட்டுவிட்டேன்.

அன்று மாலை அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலேயே இருந்தேன். "யா அல்லாஹ், நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். உன் எழுத்து எதுவோ அதுதான் உண்மை. அண்ணன் உயிரோடு இருந்தால் எங்களிடம் சேர்த்து வை. இல்லையென்றால் அதைத் தாங்குகிற பொறுமையைக் கொடு" என்று கேட்டேன். அன்றிலிருந்து தினமும் அஸருக்குப் பின் இதே துஆ. நாற்பதாம் நாள் பாத்திஹா வேண்டாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சொன்னேன். மீரான் முகத்தை அடையாளம் காணவில்லை என்று தெரிந்ததும் ஹஜ்ரத், "அப்ப இத்தாவுக்கு என்ன அவசரம்? பொறுங்க" என்றார். ஊரில் சிலர், வாத்தியாருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசினார்கள்.

ஜூன் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. மழையும் இல்லை. நோட்டில் அந்த மாதத்துக்கு நான்கே வரிகள்.

ஜூலை 17, வெள்ளிக்கிழமை. துஆ தொடங்கி ஐம்பத்தெட்டாம் நாள். ஜும்ஆ தொழுகைக்காகப் பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியான ஹவுலில் உட்கார்ந்து, கைகால் கழுவி ஒளுச் செய்துகொண்டிருந்தேன். காக்கி முழுக்கால் சட்டையும் தாடியுமாக ஒருவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரோ முசாபர், வழிப்போக்கர் என்று நினைத்து நகர்ந்தேன்.

"இன்னும் கொஞ்சம் தள்ளுடா தம்பி. ஹவுலையே வளைச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க."

குரல்! கையிலிருந்த தண்ணீர் அப்படியே ஒழுகிப் போயிற்று. நான் அழுத அழுகையில் பள்ளிவாசல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணன், "ஒளு முறிஞ்சிரப் போகுதுடா" என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதார்.

தொழுதுவிட்டு வீட்டுக்குப் போனோம். அம்மா அவர் முகத்தை நெற்றியிலிருந்து தாடி வரை தடவிக்கொண்டே இருந்தார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு, "சாப்பிட்டியாப்பா?" மதனி கதவு ஓரத்தில் நின்றார். கருகமணியை வாயில் கடித்திருந்தார். பிறகு அதை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"ஒங்க சட்டைய தொவச்சு வச்சிருக்கேன். மாத்திக்கங்க."

"எஞ்சட்டையா? அது எப்புடி இங்க வந்துச்சு?" என்று அண்ணன் திகைத்தார்.

நான் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. "மலையில ஒருத்தரு குளுர் சொரத்துல வெடவெடன்னு நடுங்கிக்கிட்டு வந்தாரு. கழட்டிக் கொடுத்தேன். மறுநாள்ல எனக்கே சொரம். யாரோ தூக்கியாந்து சிட்டகாங்கு கேம்புல போட்டாக. ரெண்டு கார்டு போட்டேனே, வரலியா?" சட்டையைக் கையில் எடுத்தார். "அப்ப அந்த மனுசன் போயிட்டாரா?"

"யாருண்ணே அவரு?"

"தமிழ் பேசுனாரு. கலிமா சொல்லிக்கிட்டே நடந்தாரு. பேரு கேக்கலைடா. ஓடுற ஓட்டத்துல தோணலை."

எங்கள் துஆ நிறைவேறியது. எங்கேயோ இன்னொரு வீட்டில் ஒரு தாய் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சட்டைகூட வரவில்லை. நாங்கள் ஓதிய பாத்திஹா அந்த மனிதருக்குத்தான் போய்ச் சேர்ந்தது என்று அம்மா சொன்னார்கள். அல்லாஹ் அவருக்காகவே எங்களை ஓத வைத்தான் என்று நானும் நம்புகிறேன்.

அன்றைக்குப் பிறகு கண்ணால் காணாத எதையும் நான் எழுதியதில்லை. ஒருவரைப் பற்றி முடிவாகப் பேசியதும் இல்லை. அண்ணன் அதற்குப் பின் இருபத்தொன்பது ஆண்டுகள் இருந்தார். 1971இல் அவர் மவுத்தானபோது நானே குளிப்பாட்டி, முகத்தைப் பார்த்து, அடக்கிவிட்டு வந்து எழுதினேன். அந்த முறை தேதி இருக்கும் இடத்தில் கோடு இல்லை.

உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு சட்டை வரலாம். டாக்டர் சொன்னதாகவோ, ஊர் சொன்னதாகவோ வரலாம். பேனாவை எடுக்க அவசரப்படாதீர்கள். யாகூப் நபி முறையிட்ட இடத்தில் முறையிடுங்கள். கேட்பவன் இன்றும் கேட்கிறான்.

நோட்டின் அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. அண்ணன் பெயரை மட்டும் அடித்து, அதன் மேல் வேறு எழுதினேன். ஒவ்வொரு ரமலானிலும் அதைத் திறந்து, படித்துவிட்டுக் கையேந்துகிறேன். இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: "பெயர் தெரியாத சகோதரர் ஒருவர், மவுத்து, பர்மா மலைப்பாதை, மார்ச் 1942. எங்கள் அண்ணன் சட்டையில்."