கை இருக்குமிடம்

புதிதாகக் கட்டிய வீடுகளில் திரைச்சீலை மாட்டுவது அவள் வேலை. வீட்டுக்காரர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆளில்லாத அறைகளில் ஏணியும் துளைபோடும் மெஷினுமாக இருபது வருடம் ஓடியிருந்தது. பயம் என்றால் என்னவென்றே தெரியாதவள்.

ஒருநாள் ஏணி வழுக்கியது. இடது உள்ளங்கையை ஊன்றி விழுந்தாள். முழங்கை மூட்டு விலகி, முன்கை எலும்பொன்றின் தலை நொறுங்கியிருந்தது. டாக்டரம்மா மூட்டை ஏற்றி, எலும்பில் திருகாணி போட்டு, மாவுக்கட்டுக் கட்டி அனுப்பினார்.

கட்டைப் பிரித்த வாரம், நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றி எழுந்தாள். களுக்கென்று எலும்பு நழுவி வெளியே போய், தானாகவே உள்ளே வந்தது. தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன சத்தம்?" என்றபடி அடுக்களையிலிருந்து கணவன் வந்தான்.

"கை கழண்டு மாட்டிக்கிச்சு."

"விளையாடாத. வலிக்குதா?"

"வலிச்சாக்கூடத் தேவலையே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டு வருதுங்க."

அதன்பிறகு அலமாரியில் பாத்திரம் எடுக்கும்போதும் நழுவியது, கதவைத் தள்ளும்போதும் நழுவியது. சும்மா இருக்கும்போதுகூட இடது கையை மடியில் வைத்து வலது கையால் பிடித்துக்கொண்டே இருந்தாள். எந்நேரமும் எழுந்து போய்விடக்கூடிய ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

டாக்டரம்மா மூட்டைத் திருப்பிப் பார்த்தார். "எலும்பு கூடிடுச்சும்மா. வெளிப்பக்கமா இழுத்துப் பிடிச்சிருக்கிற தசைநார் கிழிஞ்சு கிடக்கு. அதான் நழுவுது. வேற தசைநார் வச்சுத் தச்சுடலாம்."

காரணம் தெரிந்ததில் அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

ஆபரேஷன் அன்று கழுத்தோரம் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். அவள் விழித்திருந்தாள். சிறிது நேரத்தில் நர்சைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், கையைக் கொஞ்சம் இறக்கி விடுங்களேன். ரொம்ப நேரமா மேல தூக்கியே வச்சிருக்கீங்க."

"கை கீழதாம்மா இருக்கு."

நர்ஸ் போர்வையை விலக்கிக் காட்டினாள். பக்கவாட்டுப் பலகையில் துவண்டு கிடந்தது அவள் கைதான். மெஷின் கிழித்த பழைய தழும்புகூட இருந்தது. ஆனால் கூரையை நோக்கி நீண்டிருந்த கையும் போகவில்லை. அதன் விரல்கள் விரிந்திருப்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அப்ப மேல இருக்கிறது யாரோடது?"

நர்ஸ் சிரித்தாள். "மருந்து செய்ற வேலைம்மா. எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க." சொல்லிவிட்டு அவளும் ஒருதரம் மேலே பார்த்துக்கொண்டாள்.

எக்ஸ்ரே திரையில் டாக்டரம்மாவின் விரல்கள் அவள் மூட்டை வளைத்துச் சோதித்தன. இரண்டு எலும்புக்கும் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி திறந்து மூடியது. பலகையில் கிடந்த கையில் அவளுக்கு எந்த உணர்வும் இல்லை. மேலே இருந்த கை மட்டும் மெல்ல விரல்களை மடக்கியது.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

தையல் நன்றாகப் பிடித்தது. முழங்கையில் கீல் வைத்த பட்டை மாட்டிக்கொண்டு கைப் பயிற்சிக்குப் போனாள். பயிற்சி தரும் பெண் ஒருநாள் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, கையை மெதுவாக நகர்த்தினாள்.

"இப்ப கை எங்கக்கா இருக்கு?"

"மடியில."

"கண்ணைத் திறங்க."

முகத்துக்கு நேரே ஐந்து விரல்கள் நின்றன. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

"அடிபட்டதுல மூட்டோட உணர்வு மங்கிப்போச்சுக்கா. பழகப் பழகத் திரும்பிடும்," என்றாள் அந்தப் பெண், அவள் தோளைத் தடவியபடி.

பழகியது. மூட்டு இப்போது நழுவுவதில்லை. முழுசாக நீளாது, அவ்வளவுதான். மறுபடியும் ஏணி ஏறுகிறாள். ஆனால் ஆளில்லாத வீட்டு வேலைக்கு ஒப்புக்கொள்வதில்லை.

போன வாரம் ஒரு வீட்டுக்காரம்மா கேட்டாள்: "ஏங்க, கம்பியைப் பார்க்காம கையையே பார்த்துக்கிட்டு மாட்டுறீங்க?"

"கம்பி எங்கயும் போகாதுங்க," என்றாள் இவள், கண்ணை எடுக்காமல்.