சவூதிக்குப் போன கேள்வித்தாள்

தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் எனக்கு ஆறு மாத வேலை கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு கேள்வித்தாள் வந்திருந்தது. நோய் எவ்வளவு குறைந்தது என்பதை ஸ்கேன் காட்டிவிடும். நோயாளி எப்படி வாழ்கிறார் என்பதை அவரைத்தான் கேட்க வேண்டும். அதற்கான கேள்விகள் அவை. தூக்கம் வரவில்லையா, பசி இல்லையா, கவலையாக இருக்கிறதா. பதிலுக்கு நான்கு கட்டங்கள்: இல்லை, கொஞ்சம், நிறைய, ரொம்ப.

அதைத் தமிழுக்குக் கொண்டுவர ஒரு கறாரான முறை இருந்தது. இரண்டு பேர் தனித்தனியே தமிழில் எழுதினார்கள். மூன்றாமவர், மூலத்தைப் பார்க்காமல், அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதினார். பிறகு நோயாளிகளிடம் படித்துக் காட்டி, என்ன புரிகிறது என்று விசாரிக்க வேண்டும். அது என் வேலை. படித்த திமிரில், அதுதான் இருப்பதிலேயே சுலபம் என்று நினைத்தேன்.

முதல் வாரமே ஒரு முஸ்லிம் பெண் வந்தார். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர், நாற்பதைத் தாண்டிய வயது. மார்பில் ஆபரேஷன் முடிந்து, கரண்ட் வைத்துக்கொள்ள வந்திருந்தார். கதிர்வீச்சு சிகிச்சையை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பாபநாசத்தில் தங்கை வீட்டில் தங்கி, தினமும் தனியாக பஸ்ஸில் வந்து போனார். கணவர் சவூதியில்.

"உங்கள் நோய் உங்கள் குடும்ப வாழ்க்கையைப் பாதித்திருக்கிறதா?" என்று படித்தேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அவங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவாங்க. அதை எப்படிம்மா நோய் பாதிக்கும்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "இல்லக்கா, அது இல்ல. வீட்டு வேலை, புள்ளைங்க, அந்த மாதிரி..."

"அப்ப வீடுன்னு கேளுங்க. ஆம்பளைங்ககிட்டப் போய் இப்படிக் கேட்டுறாதீங்க."

மூன்று படித்தவர்கள் சொல் சொல்லாகப் பார்த்தும் தென்படாததை அவர் ஒரே பார்வையில் பிடித்துவிட்டார்.

மற்ற கேள்விகளுக்கெல்லாம் ஒரே பதில்தான். வலி? இல்லை. அசதி? இல்லை. கவலை? இல்லவே இல்லை. ஆனால் அவர் வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். கழுத்தோரம் தோல் கருகியிருந்தது.

நான் பேனாவை மூடினேன். "அக்கா, நெசமாவே ஒண்ணும் இல்லையா?"

அவர் மூடிய பேனாவைப் பார்த்தார். "போன்ல சொல்றதைச் சொல்லவா, சொல்லாததைச் சொல்லவா?"

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கணவர் தங்கை வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் செய்வாராம். தங்கைக்கு உடம்பு சரியில்லை, துணைக்கு வந்திருக்கிறேன் என்று இவர் சொல்லி வைத்திருந்தார். ஆபரேஷன் நடந்ததே அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவார். அவர் சம்பளத்தில்தான் இரண்டு மகள்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லிச் சொல்லி, யார் எதைக் கேட்டாலும் வாய் தானா இல்லைங்குது."

பிறகு தாளை என்னிடமிருந்து வாங்கி, எட்டாம் வகுப்பு வரை படித்த தமிழால் ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்துப் படித்து, தானே நீல மையில் டிக் அடித்தார். 'ரொம்ப' என்ற கட்டங்களே நிறைய நிரம்பின. முடித்ததும், "இதே மாதிரி வேற ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார். வெளியே கொடுக்கக் கூடாது என்பது விதி. நான் கொடுத்தேன். பஸ்ஸில் கூட வரும் யாருக்கோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, நான் கொடுத்த அந்தத் தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தார். நாலாக மடிந்து, ஓரம் அழுக்கேறி இருந்தது. அவருடைய நீல டிக்குகளுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு கேள்விக்கும், சிவப்பில் வேறொரு டிக். வாயால் சொல்ல முடியாததை டிக் அடித்து, கரண்ட் வைக்கத் தினமும் தனியாக பஸ்ஸில் வருவதையும் கீழே எழுதி, கணவருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார். அவரும் வரி வரியாகப் படித்து, தன்னைப் பற்றிய பதிலையும் அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். தூக்கம் வரவில்லையா? ரொம்ப. பசி இல்லையா? ரொம்ப. தனியாக இருப்பதுபோல் தோன்றுகிறதா? அங்கே இரண்டு டிக்கும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கீழே ஒரு வரி: 'லீவு கேட்டிருக்கேன். வர்ற வரைக்கும் தனியா பஸ் ஏறாதே.'

அந்தத் தாளை எத்தனையோ பேரிடம் படித்துக் காட்டி, அடித்து, திருத்தியிருக்கிறேன். அதற்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கடைசிப் பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்து வந்தார்கள். வெயிலில் காய்ந்த, ஒல்லியான மனிதர். நான் வழக்கம்போல் முதலிலிருந்து படித்தேன்.

"வலி இருந்ததா அக்கா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம் இல்லம்மா, நிறைய" என்றார் கணவர். "ராத்திரி முழுக்கப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன். நிறையன்னே போடுங்க."

அக்கா அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் 'நிறைய' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.