கடலாக உட்கார்ந்த ஜெபா மிஸ்

மக்களே, இனயம் கடற்கரைப் பக்கத்துச் சின்னப் பள்ளியின் மணல் முற்றத்தில் நம் பிள்ளைகளை விளையாட விட்ட ஜெபா மிஸ் போய்விட்டார், போன செவ்வாய்க்கிழமை காலையில் கல் ஏற்றி வந்த டிப்பர் லாரி அவருடைய ஸ்கூட்டரை அடித்துப் போட்டுவிட்டது!

அன்று காலை நம் வீடியோ பக்கத்துக்கு ஓர் அம்மா மெசேஜ் அனுப்பியிருந்தார்: “மிஸ்ஸை இன்னும் காணல்லியே?” குழித்துறையிலிருந்து வரும் வழியில் எங்காவது நிறுத்திப் பிள்ளைகள் விளையாடத் தேங்காய்ச் சிரட்டை பொறுக்கிக்கொண்டிருப்பார் என்று சிரித்தபடி பதில் எழுதினேன். பிறகு யாரோ வைத்திருந்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்தேன். ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. ரோடு முழுக்கச் சிரட்டைகள். நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: மிஸ்ஸின் பள்ளிக்கூடத்து வீடியோக்களைப் போடுகிற பக்கத்தை நடத்துவது நான்தான். அங்கே படிக்கும் அன்சியின் சித்தி. எடிட்டிங் எல்லாம் போனைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. மிஸ்ஸுக்குச் சொந்தமாக ஒரு அக்கவுண்ட்கூடக் கிடையாது. நான் அவருடைய வெறித்தனமான ரசிகை, அவ்வளவுதான். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. “பிள்ளையளுக்க முகத்தை எடுக்காண்டாம் மக்கா. கையை எடு. வெளையாடும்போ அதுகளுக்க புத்தி கையிலதான் இருக்கும்.” அதனால்தான் நம் வீடியோக்களில் மணலும் கைகளும் மட்டும். “ஃபீஸ் வாங்கிட்டு மண்ணு வாரவா விடுறிய?” என்று ஒருவர் கமெண்ட் போட்டபோது கோபத்தில் நான் பக்கம் பக்கமாகப் பதில் அடித்தேன். மிஸ் படித்துவிட்டுச் சிரித்தார். “நல்ல கேள்விதானே? வந்து பாக்கச் சொல்லு.”

அப்படி ஒருவர் நேரிலேயே வந்தார். ஜஸ்டின் அண்ணன். வாசலில் நின்றே சத்தம். “மிஸ்ஸே, பக்கத்து வீட்டுப் பய ஏ பி சி டி தலைகீழா சொல்லுகான். எனக்க பய வீட்டுக்கு வந்து சிப்பியை எண்ணுகான்!” மிஸ் உதட்டில் விரலை வைத்து, “பைய பேசுங்க, பங்கு வெச்சிட்டு இருக்காங்க” என்றார். மணலில் அவருடைய மகன் சிப்பிகளைக் குவித்துப் பிரித்துக்கொண்டிருந்தான். வள்ளத்துக்கு ஒரு பங்கு, இன்ஜினுக்கு ஒரு பங்கு, கடலுக்குப் போன நாலு பேருக்கும் நாலு பங்கு. கடைசியில் ஒரு சிப்பி மிஞ்சியது.

“அது எனக்கு,” என்றாள் ஒரு சிறுமி. “நான் கரையில காத்திருந்தேன்லா?”

“காத்திருக்கதுக்கு எவன்ட்டி பங்கு குடுப்பான்?”

“அப்பம் நீ வரும்போ சோறு யாருலே வைப்பா?”

பெரிய சண்டை. மிஸ் வாயே திறக்கவில்லை. சிறுமி ஜெயித்தாள். ஜஸ்டின் அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு, “எலே, வகுத்தல் எப்பம்லே படிச்ச?” என்று கேட்க, பையன் நிமிராமலே சொன்னான்: “படிக்கல்லப்பா. பங்கு வெச்சேன்.” கணக்கும் பேச்சும் நியாயமும் ஒரே விளையாட்டுக்குள் நடந்ததை அன்றைக்கு நான் கண்ணால் பார்த்தேன். ஜஸ்டின் அண்ணன் அதற்குப் பிறகு சத்தம் போட வந்ததில்லை.

மிஸ் எந்த விளையாட்டையும் தானாகத் தொடங்கிவைக்க மாட்டார். நடக்கிற விளையாட்டின் ஓரத்தில் போய் உட்கார்ந்து, “எனக்கு என்ன வேலை?” என்று கேட்பார். நாய் என்றால் நாய். ஐஸ் பெட்டி என்றால் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் ஐஸ் பெட்டி. கொடுத்த வேலையைத் தாண்டி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

இனி எழுதப்போவது எங்கள் வீட்டுக் கதை. அன்சியின் அம்மா ரீனா அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அன்சியின் அப்பா, என் அத்தான், போன படகு திரும்பவில்லை. தேடப் போன படகுகள் வெறுமனே வந்தன. அடக்கம் செய்ய உடல்கூடக் கிடைக்கவில்லை. அக்கா பிள்ளையிடம், “அப்பா துபாய்க்குப் போயிருக்கு” என்று சொல்லிவிட்டாள். தெருவே அதைச் சேர்ந்து சொன்னது. கடையில் மிட்டாய் வாங்கப் போனாலும், “துபாய்ல இருந்து அப்பா போன் செய்தாரா மக்கா?” என்பார்கள். அன்சி ஆமாம் என்பாள். பள்ளிக்கூடத்தில் சிரட்டையைக் காதில் வைத்து அப்பாவோடு பேசுவாள்.

ஒருநாள் மதியம் நான் அங்கே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் சொல்லிவிட்டான். “இல்லட்டி, ஒனக்க அப்பா கடல்ல போச்சு. எனக்க அம்ம சொன்னா.” ஆயா அவனை இழுத்துக்கொண்டு போக ஓடி வந்தார். மிஸ் கையைக் காட்டித் தடுத்துவிட்டு அன்சிக்கு எதிரே மணலில் உட்கார்ந்தார்.

“எனக்கு என்ன வேலை அன்சி?”

அன்சி கையிலிருந்த சிரட்டையைக் கீழே வைத்தாள். “நீங்க கடல்.”

“கடல் என்ன செய்யணும்?”

“சும்ம கெடக்கணும்.”

“பேசலாமா?”

“கடல் பேசாது.”

பிறகு அந்த ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு கைகளாலும் மிஸ்ஸை அடிக்கத் தொடங்கியது. “தா. எனக்க அப்பாவைத் தா. தா!” மிஸ் அணைக்கவில்லை, தடுக்கவில்லை, பேசவில்லை. நான் போனைக் கீழே இறக்கிவிட்டேன். அன்சியைக் கூட்டிப்போக அதே நேரத்தில்தான் அக்கா வந்தாள். “பிள்ளைக்கு என்ன சொல்லிக் குடுத்திய?” என்று கத்தியபடி ஒரு கை மணலை அள்ளி மிஸ்ஸின் முகத்தில் எறிந்தாள்.

“நான் ஒண்ணும் சொல்லல்ல ரீனா,” என்றார் மிஸ், கண்ணைத் துடைக்காமல். “அவதான் எனக்குச் சொன்னா. அவளுக்குத் தெரியும்.”

அக்கா அங்கேயே விழுந்து அழுதாள். படகு காணாமல் போனதிலிருந்து அவள் வாய்விட்டு அழுதது அன்றுதான். சாயங்காலம் அன்சியை மடியில் வைத்து உள்ளதைச் சொன்னாள். அன்சி அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்: “அப்பம் இனி துபாய்ன்னு சொல்லாண்டாமா?”

அம்மாவுக்காக அவள்தான் அந்தப் பொய்யைச் சுமந்திருக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். அன்சி இப்போதும் தூக்கத்தில் பதறி எழுகிறாள். ஆனால் அழுகிறாள், கேட்கிறாள், சண்டை போடுகிறாள், சாப்பிடுகிறாள். இதை வைத்து ஒரு ரீல் போட ஆசைப்பட்டு, விளையாட்டின் பலனை ஒரு வரியில் சொல்லும்படி அப்போது மிஸ்ஸிடம் கேட்டேன். “மாத்திரையா மக்கா, பலன் எழுதி ஒட்ட? அதை வெளிய சொல்ல அவளுக்கு எடமில்லாம இருந்துது. இங்க எடம் கிடைச்சு.” அந்த ரீலை நான் போடவில்லை.

குழித்துறையில் மிஸ்ஸை அடக்கம் செய்து மண் காயவில்லை, அதற்குள் பள்ளியை நடத்தும் கமிட்டி டெஸ்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. முற்றத்துக்கு சிமெண்ட் போடப் போகிறார்களாம். மூன்று வயதிலேயே எழுத்து, வீட்டுப்பாடம். காரணம் கேட்டேன். பிள்ளைகள் சாவு விளையாட்டு விளையாடுகிறார்களாம், அபசகுனமாம்.

உண்மைதான், விளையாடுகிறார்கள். போன வெள்ளிக்கிழமை நானே பார்த்தேன். ஒரு பையன் செங்கல்லை லாரியாக ஓட்டிக்கொண்டு வந்தான். அன்சி மணலில் மல்லாந்து கிடந்தாள். இரண்டு பேர் அவளைச் சுற்றிச் சிரட்டைகளைச் சிதறிப் போட்டார்கள். புதிதாகப் பொறுப்பேற்ற டீச்சர் ஓடிவந்து செங்கல்லைப் பிடுங்கினார். “எந்திரிட்டி சவமே! இதெல்லாமா வெளையாட்டு?”

வீட்டுக்கு வந்ததும் அன்சி அக்காவிடம் கேட்டாள்: “அம்மா, மிஸ்ஸும் வேற ஊருக்குப் போச்சுன்னு சொல்லணுமா?”

அக்கா, “வேண்டாம் மக்கா, வேண்டாம்” என்று சொன்னாள். ஆனால் வீட்டில் சொன்னால் மட்டும் போதாது. அதை விளையாடிப் பார்க்க அவளுக்கு அந்த முற்றம் வேண்டும்.

மிஸ்ஸிடமிருந்து என்னிடம் மிஞ்சியது இதுதான்: போன் நிறையக் குழந்தைகளின் கைகள், அப்புறம் ஒரு பிள்ளை பேசி முடிக்கும்வரை என் வாயை மூடிவைக்கும் பழக்கம். இரண்டாவது இன்னும் சரியாக வரவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன்.

வரும் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பள்ளியில் கமிட்டிக் கூட்டம். இதைப் பகிருங்கள். அங்கே படித்த பிள்ளைகளின் அப்பா அம்மாக்களே, உங்கள் பிள்ளை அந்த மணலில் என்ன விளையாடியது என்று கீழே எழுதுங்கள், கமிட்டிக்கு முன்னால் ஒவ்வொன்றாக வாசிக்கிறேன். முடிந்தவர்கள் நேரில் வாருங்கள். மாலையும் ஃப்ளெக்ஸும் வேண்டாம், அழுக்கானாலும் பரவாயில்லாத துணி போதும். முற்றத்தில் பிள்ளைகள் இருப்பார்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள். அன்சி உங்களை லாரியாக இருக்கச் சொன்னால், தயவுசெய்து மறுக்காதீர்கள்.