ஏகாம்பரம் ஏற்றுக்கொண்ட உயில்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு கிரயப் பத்திரத்துக்கு நான்கெல்லை எழுதிக்கொண்டிருந்தேன். முத்திரைத்தாள் விற்கும் நண்பர் எதிரே வந்து நின்றார். வழக்கமாக டீ குடிக்கக் கூப்பிடுகிறவர், அன்று "ரைட்டர் பூட்டாரு" என்றார். இறந்தது எந்த ரைட்டர் என்று நான் கேட்கவில்லை. பொன்னேரியில் பத்திரம் எழுதுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தாலும், வெறுமனே ரைட்டர் என்றால் அது ஏகாம்பரம்தான். கிழக்கே யார் நிலம் என்பதை எழுதி முடிக்காமலேயே பேனாவை மூடிவிட்டேன்.

பதினோரு வருஷம் நானும் அவரும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து எழுதினோம். நண்பர்கள் என்று சொன்னால் அவரே சிரிப்பார். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதிலிருந்து எங்களுக்குள் எல்லாவற்றிலும் தகராறுதான். என் கையெழுத்தைப் பார்த்து, "தம்பி, எறும்பு மையில வுயுந்து எயுந்து ஊர்கோலம் போன மாரி கீது" என்பார். நான் இரண்டு நாள் பேச மாட்டேன். மூன்றாம் நாள் அவரே ஒரு டீ வாங்கி என் மேசையில் வைப்பார்.

ஒருமுறை பழவேற்காட்டிலிருந்து ஒரு மீனவர் வந்தார். வீட்டை மகன் பேருக்கு உடனே எழுத வேண்டும் என்றார். செட்டில்மென்ட் பத்திரமா, உயிலா என்று கேட்டார் ஏகாம்பரம்.

"ரெண்டும் ஒண்ணுதானே நைனா?"

"ஒண்ணு இல்ல. செட்டில்மென்ட்னா சோத்த இப்பவே அவன் தட்டுல போட்டுட்ற. திரும்ப அள்ள முடியாது. உயில்னா சோறு உன் பானையிலயே கீது. நீ கண்ண மூடினப்புறம்தான் அவன் தட்டுக்குப் போவும். அதுவரைக்கும் நீ மனசு மாறலாம், கிழிச்சிப் போட்டு வேற எயுதலாம்."

மீனவர் யோசித்துவிட்டு, "அப்ப பானையிலயே கெடக்கட்டும்" என்றார். கேட்டதை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறவன் நான். அவருக்கு அது வராது.

இனி தாவீதின் கதை. பலருக்கு அது தெரியும், தெரிந்தது தவறு.

அறுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்ற பேச்சில் மனை விலை ஏறிக்கொண்டிருந்தது. தாவீது கூலி வேலை செய்தவர். மனைவி இறந்துவிட்டார், எஸ்தர் என்று ஒரே மகள். ஆறு சென்ட் மனையும் ஒரு கூரை வீடும் சொத்து. மனைவியின் வளையலை விற்று வாங்கிய மனை அது. தனக்குப் பின் அது எஸ்தருக்கே என்று உயில் எழுதிக்கொள்ள வந்தார். ஏகாம்பரத்திடம் கூட்டமாக இருந்ததால் என் மேசைக்கு வந்தார். அந்த உயிலை எழுதியவன் நான்.

மறு வருஷம் தாவீது சலோமி என்ற பெண்ணை மறுமணம் செய்துகொண்டார். எங்கள் இருவரையும் அழைத்திருந்தார். சர்ச்சில் கல்யாணம் முடிந்து பந்தலில் சாப்பாடு. கோழிக் குழம்பை ஊற்றிப் பிசைந்த ஏகாம்பரம் கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இவரு கிறிஸ்தவரு."

"அதுக்கு இன்னாண்ணா?"

"நம்ம ஆளுங்க உயில் எயுதிட்டு கல்யாணம் கட்னா ஒண்ணும் ஆவாது. இவங்க சட்டம் வேற. கல்யாணம் கட்னா முன்னாடி எயுதின உயிலு ரத்து. காலைல மோதரம் மாத்தினப்பவே அது பூட்ச்சி."

எனக்கு அது தெரியாது, எழுதும்போது தாவீதை எச்சரிக்கவும் இல்லை. உயில் இல்லாமல் தாவீது இறந்தால் மூன்றில் ஒரு பங்கு புது மனைவிக்கு. மிச்சம் பிறக்கப்போகும் பிள்ளைகளோடு எஸ்தருக்கு. அம்மாவின் வளையலில் வந்த வீடு அவளுக்கு முழுதாகக் கிடைக்காது.

ஏகாம்பரம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு, மாப்பிள்ளை காதில் விஷயத்தைச் சொன்னார். அது பெண்ணின் அண்ணன் காதிலும் விழுந்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா எயவுப் பேச்சா? எந்த ரைட்டருய்யா அத்த எயுதினது?" என்று அவர் கத்த, பந்தலே திரும்பிப் பார்த்தது.

"நான்தான். என் தப்பு" என்றார் ஏகாம்பரம்.

தாவீது என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நீ வந்து ஒரு வருசம்தான் ஆவுது. உன் பேரு இப்பதான் மொளைக்குது. எனக்குப் பழைய பேரு, ஒரு அடி தாங்கும்" என்றார்.

மறுநாள் தாவீதும் சலோமியும் வந்தார்கள். வீடு எஸ்தருக்கு, சலோமி ஆயுள் உள்ளவரை அதில் குடியிருக்கலாம் என்று ஏகாம்பரம் புது உயில் எழுதினார். பாதிரியாரும் நானும் சாட்சி. எங்கள் ஆட்களின் உயிலில், பின்னால் சண்டை வரக்கூடாது என்று சம்பந்தப்பட்ட எல்லாரையும் சாட்சியாகக் கையெழுத்துப் போட வைப்பது வழக்கம். சலோமியும் பேனாவை எடுத்துவிட்டார்.

"நானும் போட்றேன் ரைட்டரே. சித்திக்காரி ஏமாத்திட்டான்னு நாளைக்கு எவளும் பேசக்கூடாது."

ஏகாம்பரம் காகிதத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "வேணாம்மா. உங்க சட்டத்துல யாருக்கு எயுதியிருக்கோ அவங்களே சாட்சி போட்டா அவங்களுக்கு எயுதினது செல்லாது. உன் நல்ல மனசுக்கு நீ ஊட்ட வுட்டுட்டு நிக்கணுமா?"

இதுவும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்று வருஷம் கழித்துத் தாவீது காய்ச்சலில் இறந்தார். அவருடைய தம்பிமார் மனையைக் கேட்டு வந்தார்கள். செங்கல்பட்டு கோர்ட்டில் உயில் மெய்ப்பிக்கப்பட்டது. எஸ்தரும் சலோமியும் இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.

ஆனால் பந்தலில் விழுந்த பேச்சு நிற்கவில்லை. "கல்யாண சோத்துல செத்த உயிலு" என்று ஏகாம்பரத்தைக் கேலி செய்தார்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் அவர் மேசையை விட்டு விலகின. விலகியவர்கள் என் மேசைக்கு வந்தார்கள். சந்தேகம் வந்தால் நான் அவரிடம்தான் கேட்பேன், அவரும் முகம் கோணாமல் சொல்வார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வருமானத்தில்தான் நான் வீடு கட்டினேன்.

அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துச் செல்லும்போது என் பக்கத்தில் நடந்த ஒருவர், "எம்மாம் பெரிய ரைட்டரு! அந்த ஒரு உயில்லதான் சறுக்கிட்டாரு" என்றார். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் அழுதேன்.

அவருடைய பேனாவும் சட்டப் புத்தகங்களும் மகனிடம் இருக்கின்றன. அங்கேதான் இருக்க வேண்டும். நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். தாவீதின் முதல் உயிலில் நடந்த தவறு என்னுடையது. இனி அது என் பேரிலேயே இருக்கட்டும்.