ஏரியில் மலிவு

தொலைபேசியை எடுத்தால் அவர் வணக்கம் சொல்வதில்லை. மறுமுனையில் இருப்பவர் படகின் நீளம், வயது, பாய்கள் எத்தனை, உள்ளே படுக்கை எத்தனை என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். அத்தனையையும் கேட்டுக்கொண்டே காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, நுனியை நாக்கில் தொட்டுவிட்டு, அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"அதெல்லாம் சரிங்க. எங்க நிக்குது?"

துறைமுகத்தில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. தேநீர்க் கடைக்காரரிலிருந்து கிரேன் ஓட்டுபவர் வரை எல்லோருக்கும் அவர் 'எங்கநிக்குது'தான். பெற்றவர்கள் வைத்த பெயரில் கடிதம் வந்தால் தபால்காரர் சற்று நேரம் முழிப்பார்.

பழைய பாய்ப்படகுகளை விற்றுக்கொடுக்கும் தரகர் அவர். இருபத்தாறு வருடத் தொழில். கயிற்றுக்கடை மாடியில் ஒரே அறை. ஏறி வரும் படிகளில் நான்காவது மட்டும் ஆடும். பழகியவர்கள் அதைத் தாண்டிக் கால் வைப்பார்கள் என்பதால், வருவது புது ஆளா பழைய ஆளா என்று அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். உள்ளே ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், யாரும் வாங்காத ஒரு திசைகாட்டி. மிச்சமெல்லாம் சுவர்தான்.

சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வரைபடம். கடலோரம், ஆறுகள், உள்நாட்டு ஏரிகள் எல்லாம் அதில் உண்டு. படகு நிற்கும் இடத்திலெல்லாம் குண்டூசியால் குத்திய ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். அந்த ஊரில் இருபத்தெட்டு அடிப் படகு இன்றைக்கு என்ன விலைக்குப் போகிறது, ஏன் அந்த விலைக்குப் போகிறது என்று நுணுக்கி எழுதியிருப்பார். அதென்ன இருபத்தெட்டு அடி மட்டும் என்று கேட்டால், "அதுக்கு மேல போனா வீட்ல ஒத்துக்க மாட்டாங்க" என்பார்.

ஒரே பட்டறையில், ஒரே வருடம், ஒரே அச்சில் வார்த்த இரண்டு படகுகள். ஒன்று பணக்காரர்களின் விரிகுடாவில் யானை விலை சொல்லும். இன்னொன்று இரண்டு நாள் தூரத்தில் அடிமாட்டு விலைக்குக்கூடப் போகாமல் வெயில் காயும். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள், அவருக்கு இதில் ஆச்சரியமே கிடையாது. "படகுக்கு ஏதுங்க விலை? அது நிக்கிற இடத்துக்குத்தான் விலை" என்பார். ஓய்வுபெற்றவர்கள் குடியேறும் கடற்கரையில் பத்து வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் ஒன்றாக மூட்டுவலி வரும், படகுகளும் ஒன்றாக விற்பனைக்கு வரும். அதற்கு அவர் வைத்த பெயர் முழங்கால் விலை. இளம் தம்பதிகள் நிறைந்த நகரத்தில் கிடைப்பது தொட்டில் விலை. நீர் உறையும் ஊர்களில், குளிர் தொடங்குமுன் கொட்டகை வாடகைக்குப் பயந்து வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அது நடுக்க விலை.

படகைப் பார்க்கப் போனால் முதலில் கண்ணால் பார்க்கமாட்டார். உள்ளறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி ஒருமுறை ஆழமாக மோந்துவிட்டு, "ஈரம்" என்பார், அல்லது ஒன்றும் சொல்லமாட்டார். ஒன்றும் சொல்லவில்லையென்றால் நல்ல படகு. சட்டைப்பையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். அழகு பார்க்க அல்ல, எஞ்சினின் அடிவயிற்றைப் பார்க்க. வாங்க வருபவர்களுக்கு அவர் சொல்லும் புத்திமதி ஒன்றுதான். "விலை கம்மியா இருந்தா ஏன்னு கேளுங்க. காரணம் கெடைக்கிற வரைக்கும் பையில கை வைக்காதீங்க."

இத்தனையும் ஊருக்குச் சொன்னவர், சொந்தத் தங்கை விஷயத்தில் சென்ற மாதம் கோட்டைவிட்டார்.

தங்கையின் கணவர் பனிக்கட்டித் தொழிற்சாலையில் பதினேழு வருடம் வேலை பார்த்தவர். துறைமுகத்திலிருந்து ஆற்றுமுகத்துப் பாலத்தின் அடியில் நுழைந்து மேலே போனால் ஆறு ஒரு பெரிய ஏரியைப்போல விரிந்து கிடக்கிறது. அங்கே விடுமுறைக்கு வருகிறவர்களைப் பாய்ப்படகில் ஏற்றிச் சுற்றிக்காட்டலாம் என்று இருவருக்கும் ஓர் ஆசை. படகுத்துறையில் இடம் பிடித்தார்கள். வேலையை விட்டார்கள். சேர்த்துவைத்தது மொத்தத்தையும் அண்ணன் கையில் கொடுத்து, நீயே பார்த்து ஒன்று வாங்கிக்கொடு என்றார்கள்.

அவர் சுவரைப் பார்த்தார். உள்நாட்டில், இரண்டு நாள் லாரிப் பயணத் தூரத்தில், மலைகளுக்கு நடுவே ஓர் ஏரி. அங்கே விலை இங்குள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஏன் என்ற கேள்விக்குப் பதிலும் சீட்டிலேயே இருந்தது: கடல் தூரம், வாங்க ஆளில்லை. நல்ல தண்ணீரில் மிதந்த படகு, உப்பு படாத எஞ்சின். முழங்காலில் அறுவைசிகிச்சை முடிந்து அவரே கம்பூன்றி நடந்துகொண்டிருந்த சமயம் அது, நேரில் போய் மோந்துபார்க்க வழியில்லை. அந்த வகைப் படகு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நீர்மட்டத்திலிருந்து பாய்மர உச்சி நாற்பத்தாறு அடி, பாலம் நாற்பத்தொன்பதரை, தாராளமாகப் போகும். தொலைபேசியிலேயே பேசி முடித்துவிட்டார்.

படகு ஏறிய லாரி பாதி வழியில் இருந்தபோது ஓட்டுநர் கூப்பிட்டார். பாய்மரத்தைக் கழற்றிப் படகின் மேலேயே படுக்கவைத்திருக்கிறார்கள், அது பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, சிவப்புத் துணி கட்டலாமா என்று கேட்டார். அதுவரை அந்த வகைப் படகில் ஒன்றுகூட வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்ததில்லை. எவ்வளவு நீட்டுகிறது என்று தரகர் கேட்டார். நாலடி இருக்கும் என்றார் ஓட்டுநர்.

நாற்பத்தாறோடு நாலைக் கூட்டியதும் அவருக்கு விளங்கிவிட்டது. மலை சூழ்ந்த ஏரியில் காற்று குறைவு. கிடைக்கிற காற்றைப் பிடிக்க அங்கே பெரிய பாய் போடுவார்கள், பெரிய பாய்க்கு உயர்ந்த மரம் நடுவார்கள். ஏரிப் படகு மலிவாகக் கிடைக்க இது இன்னொரு காரணம். முதல் காரணம் கையில் கிடைத்ததும் அவர் தேடுவதை நிறுத்திவிட்டார். ஐம்பது அடி மரம், நாற்பத்தொன்பதரை அடிப் பாலம், அதுவும் நீர் முழுக்க வற்றிய நேரத்துக் கணக்கு. மரத்தைக் கழற்றிக்கொண்டு போகலாமென்றால் பாலத்துக்கு அப்பால் அதைத் தூக்கி நிறுத்தக் கிரேன் கிடையாது. மேலே ஓரடி அறுக்கலாமென்றால் கம்பிகள், பாய் எல்லாம் புதிதாக வேண்டும்.

மறைக்கவில்லை, அது அவர் வழக்கமில்லை. நேரே தங்கை வீட்டுக்குப் போய் நின்றபடியே சொன்னார். மாப்பிள்ளை கழுத்துக்குக் கீழே ஒரு மிதவைச் சட்டையின் பட்டையை மாட்டிப்பார்த்துக்கொண்டிருந்தவர், மாட்டிய கையை எடுக்கவே இல்லை. திருப்பி அனுப்ப முடியாதா என்று தங்கை கேட்டாள்.

"அனுப்பலாம். வந்த வாடகையில லாபம் போச்சு. போற வாடகையில முதலும் போயிடும்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். சுற்றுலாக்காரர்கள் வர இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். பிறகு, "சரிண்ணா, என்ன பண்ணணும்னு சொல்லு. நீதானே சொல்லணும்" என்றாள்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. அலுவலகத்துக்கு வந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து ஒரு விளம்பரம் எழுதினார். இருபத்திரண்டு அடி, நீலநிறம், பதினெட்டு வருடம் ஒரே கை, நல்ல நிலை. அது அவருடைய சொந்தப் படகு. ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பி வருவார். யாராவது விலை கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார். ஊரார் படகுக்கெல்லாம் அரை மூச்சில் விலை சொல்லும் மனிதர், அந்தச் சீட்டில் விலைக்கான இடத்தில் பென்சிலை வைத்து வைத்து எடுத்தார். கடைசியில் அதை வெறுமனே விட்டுவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். படகு பாலம் தாண்டவில்லையென்றால் இதை விற்றுத் தங்கையின் முதலைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவு. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

எழுந்து சுவரைப் பார்த்து நின்றபோது வடக்கு ஓரத்தில் மங்கிய சீட்டொன்று கண்ணில் பட்டது. பாலங்கள் நிறைந்த ஓர் ஊர். 'பாலத்தால் மலிவு' என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன் எழுதியிருந்தார். அதன் கீழே பொடி எழுத்தில்: 'சிலர் சாய்த்துக் கொண்டுபோகிறார்கள்.'

நிமிர்ந்து நிற்கும் மரம் ஐம்பது அடிதான். சாய்ந்தால் அவ்வளவு இருக்காது. பாதி நாளைக் கணக்கில் செலவழித்தார். படகு நன்றாகவே சாயவேண்டும், அதற்குப் பன்னிரண்டு பெரிய ஆட்கள் ஒரே பக்கமாக உட்காரவேண்டும், தண்ணீர் நிரப்பிய கேன்கள் ஆறு அதே பக்கத்தில் கட்டித் தொங்கவேண்டும். கேன்கள் சுலபம். ஆட்களுக்குத் துறைமுகத்தில் வலைவீசித் தேடினார். கயிற்றுக்கடைக்காரர், கிரேன் ஓட்டுபவர், அவர் மூலம் படகு வாங்கியவர்கள், வாங்கிவிட்டு அவரைத் திட்டியவர்கள் என்று பதினொரு பேர் சேர்ந்தார்கள். பன்னிரண்டாவது ஆளாக இருக்கத் தகுந்தவர் துறைமுகத்திலேயே ஒருவர்தான். எதிர்ச் சாரியில் கடை வைத்திருக்கும் இன்னொரு தரகர், எந்தப் படகுக்கும் பாதி விலை மட்டுமே சொல்வதால் 'பாதிவிலை' என்று பெயர்பெற்றவர். எடை நூற்றுப்பத்து கிலோ. ஒரு விற்பனையில் முட்டிக்கொண்டு, இருவருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

அவர் தெருவைத் தாண்டினார். தரகர்களுக்கு அது நீளமான தெரு. உள்ளே போய் விஷயத்தைச் சொல்லி, "உங்க உடம்பு வேணும், அரைமணி நேரம்" என்றார். பாதிவிலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், அவரை நன்றாக ஒருமுறை பார்த்தார். ஒன்பது வருடமாகச் சேர்த்துவைத்த பேச்சு ஏதோ வரப்போகிறது என்று இவர் தயாராக நின்றார்.

"எங்க நிக்குது?" என்று கேட்டுவிட்டுப் பாதிவிலை செருப்பைத் தேடினார்.

லாரி வந்து, துறைமுகக் கிரேன் படகை இறக்கி மரத்தை நிறுத்தியது. மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு நீர் வற்றியது. பாலத்தின் தூணில் வரைந்த அளவுப்பலகை நாற்பத்தொன்பதரை காட்டியது. எஞ்சின் மெல்ல ஓட, தங்கை சுக்கானைப் பிடித்தாள். மாப்பிள்ளை கேன்களின் கயிற்றைப் பார்த்துக்கொண்டார். "எல்லாரும் இந்தப் பக்கம்" என்று தரகர் சொன்னதும் பன்னிரண்டு பேரும் பந்திக்கு இடம் பிடிப்பதுபோல நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பாதிவிலை கடைசியில் உட்கார்ந்தபோது படகு தானாக ஒரு மரியாதை செய்ததுபோலச் சாய்ந்தது. அசையாமல் இருக்கவேண்டியிருந்ததால் யாராலும் சத்தமாகச் சிரிக்கவும் முடியவில்லை.

கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் எந்தப் பாய்மரமும் பாலத்தில் இடிக்கும்போலத்தான் தெரியும். அதனால் மேலே பார்க்காதே என்று அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். சொன்னவரே பார்த்தார். பாலத்தின் நிழல் படகின் மூக்கில் ஏறியது. வெயில் அணைந்து ஈரக் கான்கிரீட் வாசனை வந்தது. மேலே லாரி ஒன்று போனது. ஐம்பது அடி உயரத்தில் நடக்கும் விஷயத்துக்குப் பன்னிரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேலே எதுவும் இடிக்கவில்லை. உரசும் சத்தம்கூட இல்லை.

பிறகு முதுகில் வெயில் பட்டது. திரும்பிப் பார்த்தால் பாலம் பின்னால் இருந்தது. மாப்பிள்ளை கேன்களை மறந்து தங்கையைப் பார்த்துச் சிரித்தார், கேன் ஒன்று அவிழ்ந்து அவர் காலிலேயே விழுந்தது. தரகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படகைக் கழுவிச் செப்பனிட வருடாவருடம் கீழே கொண்டுவரவேண்டுமே, அப்போது என்ன செய்வது என்று பாதிவிலை கேட்டார். "நீங்க இளைக்காம இருங்க, போதும்" என்றார் இவர். ஒன்பது வருடத்துக்குப் பின் இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

சாயங்காலம் தங்கை அலுவலகத்துக்கு வந்தாள். நான்காவது படியைத் தாண்டி வைத்த சத்தம் கேட்டது. நன்றி சொல்ல வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் வாங்காத திசைகாட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்துப் பிரித்தார். கிழிக்கவில்லை. திருப்பி, வெற்றுப்பக்கத்தில் பென்சில் நுனியை நாக்கில் தொட்டு எழுதினார்: 'ஏரி. மலிவு. மரம் உயரம், கேட்கவும்.'

"பின்னாடி என்னமோ எழுதியிருக்கே, அண்ணா?" என்றாள் தங்கை.

அவர் புதிதாக எழுதிய பக்கம் வெளியே தெரியும்படியும், விளம்பரம் சுவரோடு ஒட்டும்படியும் சீட்டை ஏரியின்மேல் வைத்து, குண்டூசியைத் தலைவரை அழுத்திவிட்டு, கட்டைவிரலை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.