அக்காவின் பின்னல்

சக்கரத்தில் சிக்கிக்கொள்ளக் கூடாதென்று பின்னலை முன்பக்கம் இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வார் அக்கா. அதற்குப் பிறகுதான் நாற்காலியைத் தள்ளத் தொடங்குவார். மண்ணூர்பேட்டையில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில் சக்கர நாற்காலிக்காரிகள் நாங்கள் இருவர்தான். கேன்டீனுக்கு ஏறும் சரிவில் யாரையும் தொடவிட மாட்டார். "கைய எடு, நானே வருவேன்" என்பார். தோளைக் காதுவரை தூக்கி, வெடுக் வெடுக்கென்று சக்கரத்தைத் தள்ளி மேலே போய் நிற்பார். மொத்த ஷிஃப்ட்டும் அவரையே பார்க்கும். என்னை யாராவது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருவார்கள். எனக்கு வயிறு எரியும்.

அந்த எரிச்சலில்தான் நானும் தனியாக ஏறக் கற்றுக்கொண்டேன், அவர் மாதிரியே தோளைத் தூக்கித் தூக்கி. வீட்டுக்கு வந்தால் தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கும். தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் ஏறினேன். ஒருநாள் டீ மணி அடித்ததும் அவரை முந்தியேவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பாதிச் சரிவில் நின்றிருந்தார், வலது கை மடியில் கிடந்தது. "போடி போ, இன்னிக்கு உன் ராஜ்ஜியம்" என்று சிரித்தார். அன்றைக்கு டீ அப்படி இனித்தது. மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை.

கோவில்பதாகையில் அவர் வீட்டுக்குப் பரிதாபப்படத் தயாராகத்தான் போனேன். தோளில் தசை கிழிந்துவிட்டது, இனி கை தலைக்கு மேல் ஏறாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அவர் கணவர் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சீப்பைப் பல்லில் கடித்தபடி அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்.

"மெதுவா இழுய்யா, முடியா கயிறா அது?"

"ஆடாம சும்மா கீறியா, பின்னல் கோணிக்கும்" என்றார் கணவர். அங்கேயும் எனக்கு வயிறு எரிந்தது. முன்பைவிட அதிகமாகவே எரிந்தது.

அக்கா இப்போது பேட்டரி வண்டியில் வலம் வருகிறார். போன வாரம் ஆவடி மார்க்கெட்டில் என்னைத் தாண்டிப் போய் நிறுத்தி, "இன்னாடி, இன்னும் கையாலயே தள்ளிகினு கீறே? தோளு போயிடும்டி" என்றார். பின்னல் வழக்கம்போல இடுப்பில் செருகியிருந்தது, நுனியில் கொஞ்சம் கனகாம்பரம் வேறு. என் தோள் ஏற்கெனவே போய்விட்டது. அதை அவரிடமா சொல்வேன்?

இன்று காலை பார்லர் கண்ணாடி முன் போய் நாற்காலியை நிறுத்தினேன். சீப்பு என் காதைத் தாண்டி ஏறி ரொம்ப நாளாயிற்று. வீட்டில் பின்னிவிட யாருமில்லை. வெட்டும் பெண் என் முடியைக் கையில் அள்ளி, "இவ்ளோ நீளத்த ஏங்க்கா வெட்டறீங்க?" என்று வருத்தப்பட்டாள்.

"கழுத்தோட வெட்டிடும்மா, வெயில் தாங்கல" என்றேன்.

கிளம்பும்போது, கீழே விழுந்த முடி சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. குனிந்து எடுக்கக் கை வரவில்லை. அந்தப் பெண்தான் எடுத்துவிட்டாள்.