கவருக்குள் வேர்த்த மாங்கன்று

சபையாரே, என் மனசு காய்ந்து கிடந்த ஒரு கோடையைப் பற்றிச் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. கான்சாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். லீவில் வந்தபோது ஒட்டு மாங்கன்றுகள் நட்டார். "கன்னு பிழைச்சா பென்ஷனோட வந்துருதேன். பட்டுப்போச்சுன்னா சர்வீஸை நீட்டத்தான் வேணும். ஆடிக்குள்ள எழுது" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

கோடை மழை ஏமாற்றியது. கிணற்றில் ஊறியது சில குடம்தான். எல்லாக் கன்றுக்கும் பங்கிட்டேன், ஒன்றுக்கும் போதவில்லை. மத்தியானம் இலை தொங்கினால் பயமில்லை, சாயங்காலம் நிமிர்ந்துவிடும். விடியும்போதும் தொங்கினால்தான் மோசம். ஒரு நாள் விடியலில் போய்ப் பார்த்தால் எல்லாம் தொங்கிக் கிடந்தது, ஓரமெல்லாம் கருகல்.

"பட்டதுக்கு எதுக்கு ஏட்டி தண்ணி சுமக்கே? உள்ளதை எழுதிப் போடு" என்றார் மூத்த நாத்தனார்.

பொய் எழுதக் கை வரவில்லை. உள்ளதை எழுத மனசு வரவில்லை. அவருடைய பழைய சட்டையை மடியில் வைத்து அழுதேன். "ஆண்டவரே, மழை கேக்கல. உசிர் இருக்கா இல்லையான்னு மட்டும் காட்டும்."

மறுநாள் அனல்காற்று. ஒரு கன்றில் மிஞ்சிய பச்சைக் கொத்தையாவது காப்போமென்று பாலிதீன் கவரை மாட்டி வாயைக் கட்டினேன். வெயிலில் வெந்துபோகுமே என்கிற புத்தி பிறகுதான் வந்தது. பதறி ஓடினால், கவரின் உள்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். நாத்தனார் தொட்டுப் பார்த்தார்.

"வேர்த்திருக்குல்லா? அப்போ வேரு அடியில ஈரத்தை உறிஞ்சுது, உசிர் இருக்கு."

அதன்பின் ஒவ்வொரு கன்றிலும் ஒரு கொத்துக்குக் கவர் கட்டி, செத்த நேரத்தில் அவிழ்த்துவிடுவோம். வேர்த்த கன்று தண்ணீருக்குக் காத்திருக்கும். வேர்க்காததற்குக் குடம் போகும். சில கன்றுகள் பட்டுத்தான் போயின, மறைக்கமாட்டேன். மற்றவை நின்றன. ஆடிக்கு முன்பே எழுதினேன்: "கன்னு உசிரோட இருக்கு. வாங்க."

ஐப்பசி மழையோடு வந்து சேர்ந்தார். டிரங்குப் பெட்டியை வாசலில் போட்டுவிட்டு நேரே தோட்டத்துக்குப் போய்விட்டார் மனுஷன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் எனக்கே விளங்கியது. நான் மாமரத்துக்காக அழவே இல்லை. இவர் வீட்டில் இருக்கவேண்டுமென்றுதான் அத்தனை நாளும் அழுதேன். அதைக் கேட்க வெட்கப்பட்டு, மரத்தைச் சொல்லி ஜெபித்திருக்கிறேன். சொல்லாததையும் ஆண்டவர் கேட்டுக்கொண்டார். அவருக்கே ஸ்தோத்திரம்.

இப்போதெல்லாம் ஜெபத்தில் நான் சுற்றி வளைப்பதில்லை. உங்களுக்கும் யாராவது வரவேண்டியிருந்தால், அந்தப் பெயரையே சொல்லிக் கேளுங்கள்.